முதுமையும் உளத்தகைமையும்: அற்றோணித் தத்துவத்துக்கும் மரணசாசனத்துக்கும் இடைப்பட்ட காலம்

ஒருவர் அறிவோடு வாழுங்காலத்தில் தம் உடைமையைத் தாமே ஆளுகிறார். அவர் இறந்தபின் அது மரணசாசனத்தின்படியோ வழியுரிமை விதிகளின்படியோ பிறரைச் சென்றடைகிறது. இவ்விரு நிலைகளையும் பற்றி நம் சட்டநூல்கள் நிரம்பப் பேசுகின்றன. ஆனால் உயிர் நிலைத்திருக்க அறிவு மட்டும் தளர்ந்துபோகும் ஒரு காலமும் இடையே உண்டு. சிலருக்கு அது சில மாதங்கள். வேறு சிலருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேற்பட்டது. அக்காலத்தில் முதியவருக்காக எவர் கையொப்பமிடுவது, எவர் அவரது பணத்தைப் பெற்று மருந்து வாங்குவது, அவரது வீட்டை வாடகைக்கு விடவோ விற்கவோ எவருக்கு அதிகாரம் உண்டு, இவற்றையெல்லாம் அவரே முன்கூட்டித் தீர்மானித்து வைக்க இயலுமா என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்கு இலங்கைச் சட்டம் முந்நூறு ஆண்டுகளாக அளித்து வந்துள்ள விடைகளைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் போன்ற குடியிருப்புகளில் வாழ்வோரின் வரலாறு இடம்பெயர்வோடு பின்னிப் பிணைந்தது. 1795ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய இத்துறைமுகம் 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி வரையும் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. கடற்படைத் தளத்து வேலைக்கும் துறைமுக வேலைக்கும் அரசாங்க உத்தியோகத்துக்குமாகப் பல ஊர்களிலிருந்தும் வந்தோர் இங்கு நிலைகொண்டனர். பின்னர் 1983ஆம் ஆண்டு தொடங்கி நீடித்த போரும், 1990ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வும், 2004 திசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையும் இம்மாவட்டத்து மக்களைச் சிதறடித்தன. பிள்ளைகள் இலண்டனிலும் தொறன்ரோவிலும் இருக்க, பெற்றோர் மட்டும் வீட்டைக் காத்துக்கொண்டு இருக்கும் நிலை இப்பகுதியில் அரிதன்று. நாடு முழுவதையும் நோக்கினாலும், 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 6.6 ஆக இருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர் தொகை 2012இல் 12.4 ஆகியது. எனவே இவ்வினா இனிமேல் சில குடும்பங்களின் தனித்துயர் என்று ஒதுக்கத்தக்கதன்று.

இனி, பழைய வழக்கை நோக்குவோம். 1706ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி சிமொன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு அந்நாட்டுத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்தார். முப்பத்தேழு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து பெற்ற அனுபவத்தைக் கொண்டு அவர் எழுதிய தொகுப்பைத் தமிழில் பெயர்ப்பித்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி உடன்பாடு பெற்றனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலுவளித்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல இதனைத் தம் ஆள்சார் சட்டமாக உடன் கொண்டுவந்தன.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்துப் பாகுபாட்டையே தேசவழமையைக் கற்போர் பெரிதும் நினைவிற் கொள்வர். அத்தொகுப்பில் முதுமையைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் சொத்தில் எதனையும் உரிமையாகக் கோரமுடியாது என்பது பொதுவிதி. ஆயினும் தந்தையும் தாயும் மூப்பினால் தம் சொத்தை நிருவகிக்க இயலாதவராகும்போது, அவர்களைப் பராமரிக்கும் பொறுப்போடு ஆண்மக்கள் அதனைத் தம்முள் பிரித்து ஏற்கும் வழக்கமும் இருந்தது. இவ்வாறு சொத்தைக் கையளித்த பெற்றோர் பின்னர் பிள்ளைகளால் கைவிடப்பட்டு வறுமையுற்றதை அனுபவம் காட்டியுள்ளது என்பதையும் தொகுப்பாளர் மறைக்கவில்லை. சட்டத் தொகுப்பொன்றில் இத்தகைய மனக்குறை இடம்பெறுவது வியப்புக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயலாமை, கையளிப்பு, ஏமாற்றம் என்னும் தொடர்ச்சி அவதானிக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் முன்னோர் முதியோரைப் போற்றினர், இக்காலத்தார்தாம் கைவிட்டனர் என்று மேடைகளிற் கூறப்படுவது இக்குறிப்பின் முன் நில்லாது.

இந்த ஏமாற்றத்துக்கு வழக்கம் கண்ட மருந்தே சீவிய உரித்து ஆகும். பெற்றோர் தம் வீட்டையோ காணியையோ மகளுக்குச் சீதனமாகவோ பிள்ளைக்கு நன்கொடையாகவோ எழுதிக்கொடுக்கும்போது, தாம் உயிரோடிருக்கும்வரை அதனை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கு ஒதுக்கிக்கொள்வர். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணி சம்பந்தமான உறுதிகள் நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு நிறைவேற்றப்படல் வேண்டும் என விதித்தபின் இம்முறை மேலும் வேரூன்றியது. தமிழ்ப் பகுதிகளில் எந்த நொத்தாரிசின் ஏடுகளைப் புரட்டினாலும் சீவிய உரித்து ஒதுக்கிய உறுதிகள் காணப்படும். அறிவு தளர்ந்தபின் வீடு எவரைச் சேரும் என்னும் வினா எழாதபடி, தளருமுன்னரே அதனைக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொள்ளும் இவ்வேற்பாடு நம்மவரின் சொந்த முன்திட்டம் எனலாம்.

அதன் வலிமையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் அதன் எல்லையையும் காணவேண்டும். சீவிய உரித்து முதியவரை வீட்டிலிருந்து வெளியேற்றாமற் காக்கும். அவருக்காக முடிவெடுக்கும் ஒருவரை அது தராது. கூரை ஒழுகினால் திருத்துவதற்கு வங்கியிலுள்ள பணத்தை எடுப்பவர் எவர்? வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு உடன்படுபவர் எவர்? உறுதி இவற்றைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை.

இங்கு ஐரோப்பியர் கொண்டுவந்த சட்டத்தின் பக்கம் திரும்புதல் வேண்டும். அறிவிழந்தவனின் உடலும் உடைமையும் அவன் தந்தைவழி உறவினரின் பொறுப்பாகும் என்பது உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம் தொட்டு வரும் கொள்கை. உரோம-ஒல்லாந்தச் சட்டம் அதனை வளர்த்து, நீதிமன்றம் நியமிக்கும் பராமரிப்பாளரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது. ஆங்கிலச் சட்டத்திலோ அது முடியின் உரிமை. அறிவிழந்தோரின் காணிகளுக்கு அரசனே காவலன். இவ்விடத்தில் ஒரு வரலாற்று முரணைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. திருகோணமலையை ஆங்கிலேயர் கைப்பற்றியது மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் காலத்தில். 1801ஆம் ஆண்டு இலங்கையில் நீதிமன்றம் நிறுவிய சாசனமும் அவன் பெயராலேயே வழங்கப்பட்டது. 1811ஆம் ஆண்டு, தன் எழுபத்திரண்டாம் வயதில், அம்மன்னனே அறிவு கலங்கிய நிலையில் இருந்தான். பாராளுமன்றம் சட்டமியற்றி ஆட்சியை மகனிடமும் மன்னனது உடலின் பராமரிப்பை மனைவி சார்லற் அரசியிடமும் ஒப்படைத்தது. உடைமைக்கு ஒருவர், உடலுக்கு ஒருவர் என்னும் இப்பிரிவினை தற்செயலானதன்று. அறிவிழந்தவரின் சொத்தை ஆள்பவரும் அவரைப் பேணுபவரும் ஒருவராகவே இருந்தால் ஆபத்து உண்டு என்னும் அச்சம் ஆங்கிலச் சட்டத்தில் ஆழப் பதிந்திருந்தது.

அப்பிரிவினை இலங்கைக்கும் வந்தது. 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் சித்தசுவாதீனமற்றோரின் உடலையும் ஆதனத்தையும் பேணும் பொறுப்பை மாவட்ட நீதிமன்றங்களுக்கு அளித்தது. அப்பொறுப்பு இன்றுவரை மாவட்ட நீதிமன்றங்களிடமே உள்ளது. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டமும் அதனை அவ்வாறே வைத்தது. நடைமுறையை விதித்தது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை. அதன் 556ஆம் பிரிவின்படி, சொத்துடைய ஒருவர் சித்தசுவாதீனமற்றவரென்றும் தம் கருமங்களை நடத்த இயலாதவரென்றும் மனுச் செய்யப்பட்டால், மாவட்ட நீதிமன்றம் விசாரணை நடத்தலாம். அவ்வாறே எனக் காணின் ஆதனத்துக்கு ஒரு முகாமையாளரையும் உடலுக்கு ஒரு பாதுகாவலரையும் நியமிக்கலாம். முகாமையாளர் சொத்துப் பட்டியல் கொடுத்தல் வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்டல் வேண்டும். நீதிமன்றின் கட்டளையின்றிக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ அவருக்கு அதிகாரமில்லை.

கணக்கும் மேற்பார்வையும் உள்ள இம்முறையைப் பழையதென்று இகழ்வதற்கில்லை. ஏமாற்றுவோரிடமிருந்து முதியவரைக் காப்பதில் இதற்கு நிகரானது இன்றும் வேறில்லை. ஆனால் இதில் இரண்டு குறைகள் உள. முதலாவது, முகாமையாளரைத் தெரிவு செய்வது நீதிமன்றம், முதியவர் அல்லர். அறிவோடிருந்த காலத்தில் அவர் எவரை நம்பினார், எவரை வீட்டுவாசலில் ஏறவிடவில்லை என்பதைச் சொல்ல அப்போது அவரால் இயலாது. முன்னரே சொல்லி வைத்திருந்தால் அதனை நீதிமன்றம் கேட்கலாம், கேளாமலும் விடலாம். இரண்டாவது குறை சொல்லைப் பற்றியது. சந்திரனைக் குறிக்கும் இலத்தீன்சொல்லின் அடியாகப் பிறந்த ஆங்கிலப் பெயரை 1873ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தலைப்பில் தாங்கிற்று. தமிழில் அது பைத்தியச் சட்டம் என்றே மக்கள் வாயில் வழங்கியது. 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் உளநோய்ச் சட்டம் என்னும் பெயர் நிலைத்தது; எனினும் நீதிமன்ற மனுவில் எழுதப்படும் 'சித்தசுவாதீனமற்றவர்' என்னும் தொடர் மாறவில்லை. நாற்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த தாயைப் பற்றி அப்படியொரு மனுவிற் கையொப்பமிட எத்தனை பிள்ளைகள் முன்வருவர்? மனுக்கள் அரிதாக இருப்பதற்குச் செலவும் தாமதமும் மட்டும் காரணமல்ல என்பது என் கருத்து.

சொல்லின் குறைக்குப் பின்னால் ஒரு மருத்துவக் குறையும் உண்டு. அச்சட்டங்கள் எழுந்த காலத்தில் இரு நிலைகளே அறியப்பட்டிருந்தன: அறிவுள்ள நிலை, அறிவற்ற நிலை. இடையிடையே தெளிவு தோன்றலாம் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஜேர்மனிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் தாம் கண்ட நோயாளியைப் பற்றி 1906ஆம் ஆண்டிலேயே உரையாற்றினார். மாலை மயங்குவதுபோல் மெல்ல மெல்லத் தளரும் மறதிநோயின் இயல்பு அதன்பின்னரே படிப்படியாகப் புலனாயிற்று. கணக்குப் பார்க்க இயலாத முதியவர் தம்மைப் பேணுபவர் எவராக இருக்கவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். ஆங்கில நீதிமன்றம் இந்நுட்பத்தை 1870ஆம் ஆண்டிலேயே ஓரளவு உணர்ந்திருந்தது. பாங்ஸ் எதிர் குட்பெலோ என்னும் வழக்கில், இறந்துபோன ஒருவர் தம்மைத் துரத்துவதாக நம்பி வாழ்ந்தவர் எழுதிய மரணசாசனம் செல்லுமென முடிவாயிற்று. அம்மயக்கம் சாசனத்தைத் தொடவில்லை என்பதே காரணம். உளத்தகைமை என்பது ஆளைப் பொறுத்ததன்று, எடுக்கப்படும் முடிவைப் பொறுத்தது என்னும் இக்காலக் கோட்பாட்டின் வித்து அங்கே உண்டு. எனினும் அவ்வித்து மரணசாசனத்தின் எல்லைக்குள்ளேயே நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது.

இனி அற்றோணித் தத்துவத்துக்கு வருவோம். கட்டுரையின் உயிர்நிலை இதுவே. தம் கருமங்களைப் பிறரைக் கொண்டு நடத்துவிக்கும் பத்திரமாகிய அற்றோணித் தத்துவத்தைத் திருகோணமலை மக்கள் நன்கறிவர். கப்பலில் வேலைக்குப் போனோரும் மலாயாவுக்கு உத்தியோகம் தேடிச் சென்றோரும் ஊரிலுள்ள காணியைப் பார்க்க அதனை எழுதிக் கொடுத்தனர். 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்பத்திரங்களின் பதிவுக்கு வழிசெய்தது. போலிப் பத்திரங்கள் பெருகிய நிலையில், நிறைவேற்றும் முறையை 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இறுக்கியது. பிள்ளைகள் புலம்பெயர்ந்த இக்காலத்தில் பெற்றோரே தத்துவம் கொடுக்கும் நிலை வந்துள்ளது: ஊரிலிருக்கும் மருமகனுக்கோ பெறாமகனுக்கோ ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்பது பொதுநம்பிக்கை.

அந்நம்பிக்கை தவறானது. தத்துவம் கொடுத்தவர் உளத்தகைமையை இழக்கும் கணத்தில் தத்துவம் முடிந்துபோகிறது. 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கொடுப்பவருக்கும் முகவருக்கும் இடையிலான தொடர்பை ஆங்கிலச் சட்டமே ஆளுமென விதித்தது. ஆங்கிலச் சட்டத்தின் நிலையை 1879ஆம் ஆண்டு முடிவான துரூ எதிர் நன் என்னும் வழக்கு காட்டுகிறது. கணவர் மனைவிக்குத் தம் பெயரால் கடன்வாங்கும் அதிகாரம் அளித்திருந்தார். பின்னர் அறிவு கலங்கினார். மனைவி தொடர்ந்து கடைக்காரரிடம் பொருள் வாங்கினார். குணமடைந்த கணவர் கடனைக் கொடுக்க மறுத்தபோது, கலக்கத்தோடு மனைவியின் அதிகாரம் ஒழிந்தது என்றும், எனினும் அதை அறியாத கடைக்காரருக்குக் கணவர் கட்டுப்பட்டவர் என்றும் நீதிமன்றம் கூறிற்று. 1910ஆம் ஆண்டின் யோங் எதிர் ரொயின்பி வழக்கு இன்னும் கடுமையானது. கட்சிக்காரர் அறிவிழந்ததை அறியாமல் வழக்கை நடத்திய சட்டத்தரணிகளே எதிர்த்தரப்பின் செலவைத் தம் கையிலிருந்து செலுத்த நேர்ந்தது. தருக்கம் எளிது: கொடுத்தவரே செய்ய இயலாததை அவர் பெயரால் மற்றவர் செய்ய இயலாது. ஆனால் அத்தருக்கத்தின் விளைவு யாதெனில், எந்நாளுக்கு அஞ்சி முதியவர் பத்திரம் எழுதினாரோ அந்நாளிலேயே பத்திரம் செத்துப்போகிறது.

இதன் பொருளை லிங்கநகரில் வாழ்வதாக ஒரு தாயைக் கற்பித்துக்கொண்டு நோக்குவோம். கணவர் துறைமுகத்தில் வேலைபார்த்து இறந்தவர். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். எழுபதாம் வயதில் தாய் தம் சகோதரன் மகனுக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கிறார். அவன் நல்லவன். வங்கிக்குப் போகிறான், வரி கட்டுகிறான், மருந்து வாங்குகிறான். எழுபத்தாறாம் வயதில் அவர் அவனை யாரென்று கேட்கிறார். அன்றுமுதல் அவன் செய்யும் ஒவ்வொரு கையொப்பமும் அதிகாரமற்றது. அதனை அவன் அறியான், வங்கியும் அறியாது. ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் அவர் உயிரோடிருக்கிறார் எனக் கிராம உத்தியோகத்தர் சான்று தருவார். அறிவோடிருக்கிறாரா என்பதை எவரும் கேட்பதில்லை. இவ்வாறு ஊரறிந்த மௌனத்தில் ஆண்டுகள் கழியும். பின்னர் மருத்துவச் செலவுக்காக ஒரு காணித்துண்டை விற்க வேண்டிவரும். உண்மை தெரிந்த நொத்தாரிசு உறுதி எழுத மறுப்பார், மறுக்கவும் வேண்டும். அப்போது குடும்பத்தின் முன் இரு வழிகள் உள. ஒன்று, நீதிமன்றத்துக்குச் சென்று தாயைச் சித்தசுவாதீனமற்றவர் என அறிவிப்பது. மற்றது, தெளிவாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் அவரது பெருவிரல் அடையாளத்தைப் பெறுவது. இரண்டாவது வழி குற்றம் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பின்னாளில் வாங்கியவரின் உரித்தைச் சவாலுக்குட்படுத்தி வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையொருவர் வழக்கிடும்போதே அது விளங்கும். அப்போது பழி சுமப்பவன் பெரும்பாலும் அந்த நல்ல மருமகனே.

பெண்ணின் நிலை மற்றொரு வகையிலும் சிக்கலானது. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியைக் கையளிக்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத்து விவாகவுரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவர் அறிவிழந்தவரானால் மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அச்சம்மதமின்றிக் கையளிக்க அனுமதி பெறலாம் என்றும் அதிலேயே கூறப்பட்டது. ஆகவே கணவரின் மறதிநோய் மனைவியின் சீதனக் காணியையும் நீதிமன்ற வாசலுக்கு இழுத்துச் செல்கிறது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளைப் பற்றியும் ஒரு சொல்: பின்னுரித்தாளியை நியமிக்கும் வசதி அங்கு உண்டு; பின்னுரித்தில் ஆண்மக்களுக்கு இருந்த முதன்மையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. ஆனால் அந்நியமனமும் இறப்பின்பின் நிகழ்வதற்கே வழிசொல்கிறது. வங்கி வைப்புக்குப் பெயர் குறித்து வைத்தலும் அவ்வாறே.

இவ்விடைவெளியை முதலில் அடைத்தது ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலம். 1954ஆம் ஆண்டில், கொடுத்தவர் அறிவிழந்தபின்னும் தொடரும் என்று வெளிப்படையாக எழுதப்பட்ட தத்துவம் ஒழியாது என அம்மாநிலம் சட்டமியற்றியது. துரூ எதிர் நன் பிறந்த இங்கிலாந்தே 1985ஆம் ஆண்டில் நிலைத்த தத்துவத்தை ஏற்றது. பின்னர் 2005ஆம் ஆண்டின் உளத்தகைமைச் சட்டம், சொத்துக்கு மட்டுமன்றி மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் ஒருவரை முன்கூட்டி நியமிக்கும் முறையை நிறுவியது. தத்துவம் கொடுப்பவர் அதனை விளங்கிக்கொண்டே கொடுக்கிறார் என மற்றொருவர் சான்றுரைத்தல் வேண்டும்; பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் அது பதியப்படல் வேண்டும். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர் 2008ஆம் ஆண்டு இதனைப் பின்பற்றிச் சட்டமியற்றி 2010இல் நடைமுறைப்படுத்தியது. இந்தியாவோ வேறுவழியில் நடந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உளநோய்ச் சிகிச்சை பற்றிய முன்னறிவுறுத்தலுக்கு இடமளித்தது. சொத்தைப் பொறுத்தவரை நினைவிழந்தோரின் குடும்பங்கள் உயர் நீதிமன்றங்களை நாடியே பாதுகாவலர் நியமனம் பெற்று வந்துள்ளன.

இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. சட்டத்தின் முன் எவரையும் தகைமையற்றவராக ஒதுக்காமல், முடிவெடுப்பதற்குத் துணைசெய்தல் வேண்டும் என்பது அதன் 12ஆம் உறுப்புரை. 1889ஆம் ஆண்டின் 556ஆம் பிரிவோடு இதனைப் பொருத்துவது எளிதன்று. முதியோருக்கென எழுந்த சட்டங்கள் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகளுக்கு விதித்து, பராமரிப்புக் கோரும் சபையொன்றையும் அமைத்தது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், மீளப்பெற முடியாதென எழுதப்பட்ட நன்கொடையையும் பெருநன்றிகேட்டின் காரணமாக நீதிமன்றின் மூலம் மீட்க வழிதிறந்தது. தேசவழமைத் தொகுப்பாளர் கண்ட குறைக்கு முந்நூறு ஆண்டுகளின்பின் கிடைத்த பரிகாரம் இது எனலாம். ஆயினும் நன்றிகேட்டை நிரூபிக்கத் தந்தையாரே வழக்காடவேண்டும். அவர் மகனின் பெயரையே மறந்துவிட்டவரானால், அவருக்காக வழக்காடுபவர் எவர் என்னும் பழைய வினாவே மீண்டும் நிற்கிறது.

இருக்கும் சட்டத்துக்குள் ஒரு கதவு திறந்திருப்பதைச் சுட்டுதல் பயனுடையது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ், அறிவோடிருப்பவர் தம் சொத்தைத் தாம் நம்பும் பொறுப்பாளரிடம், தம் வாழ்நாளெல்லாம் தம் பராமரிப்புக்கே பயன்படுத்தும்படி ஒப்படைக்கலாம். தத்துவத்தைப்போல அது கொடுத்தவரின் அறிவோடு ஒழிவதில்லை. சொத்து பொறுப்பாளரின் பெயருக்கு மாறிவிடுகிறது. அவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். கோயிலுக்குத் தருமசாதனம் எழுதிப் பழகிய நம்மவருக்கு இக்கருத்து புதியதன்று. கடவுளுக்கு எழுதிய அதே முறையைத் தமக்காக எழுத வேண்டுமென எவருக்கும் தோன்றாமற் போனதே வியப்பு. ஆனால் இதுவும் சொத்துக்கு மட்டுமே. எந்த வைத்தியசாலையில் எத்தகைய சிகிச்சை, எவர் வீட்டில் வாழ்வது என்பவற்றை நம்பிக்கைப் பொறுப்பு ஆளாது. ஒரு வீடும் சிறு சேமிப்பும் மட்டும் உள்ளவருக்கு அதன் செலவும் சுமையே.

ஆகவே வேண்டப்படுவது 1902ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் ஒரு சிறு சேர்க்கையே என வாதிடுவோர் உளர்: கொடுத்தவர் வெளிப்படையாக விரும்பி எழுதியிருப்பின் தத்துவம் நிலைக்கும் என்று ஒரு பிரிவு. அது போதாதென்றே எண்ணுகிறேன். அறிவிழந்தவர் தாம் கொடுத்த தத்துவத்தை மீளப்பெற இயலாதவர். அவரை ஏமாற்றுவோனைக் கண்காணிப்பவர் எவருமில்லையெனில், நிலைத்த தத்துவம் பெருவிரல் அடையாளத்தைவிட ஆபத்தானதாகும். 1889ஆம் ஆண்டின் கோவை கேட்ட சொத்துப் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் முதியவர் தாமே தெரிந்தெடுத்தவரிடமும் கேட்டல் வேண்டும். தெரிவு முதியவருடையதாகவும் மேற்பார்வை மாவட்ட நீதிமன்றத்துடையதாகவும் அமைந்தால் இரு நூற்றாண்டுகளின் நன்மையும் ஒருங்கே கிட்டும்.

அதுவரையும் ஒரு விசித்திர நிலை நீடிக்கும். லிங்கநகரில் பிறந்து இலண்டனில் வாழும் மகள், தன் ஐம்பதாம் வயதில், தன் அறிவு தளரும் நாளில் தன் வங்கிக் கணக்கையும் மருத்துவத்தையும் எவர் பார்ப்பது என்பதைப் பதிவுசெய்து வைத்திருப்பாள். அப்பத்திரம் துறைமுகத்தருகே அவளுக்குள்ள சீதன வீட்டுக்கு அதே வலுவைத் தானாகப் பெறாது. அவ்வீட்டில் வாழும் எண்பது வயதுத் தாய்க்கோ அத்தகைய பத்திரமே இல்லை. அவரிடம் இருப்பது பெட்டகத்துள் மடித்து வைத்த சீவிய உரித்து ஒதுக்கிய உறுதியும், தம் உடன்பிறந்தான் மகனின் பெயரில் எழுதிய அற்றோணித் தத்துவமுமே.